21 என்னும் சாக்கு

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். சேலம் அம்மாபேட்டையில் வசிக்கிறேன். பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வரும் தையில் 20 வயது நிறைகிறது. ஏற்காடு பற்றிய உங்கள் கட்டுரையில், மழை கொட்டும் இரவில் நண்பர் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஒரு கோப்பை மது அருந்தியதைப் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அதை வாசித்த என் அப்பா, “இதையெல்லாமா எழுதுவார்கள்?” என்றார். எனக்கு அது உறுத்தவில்லை. அதே தாழ்வாரத்துக்காக அதே கோப்பையை நான் கடையில் கேட்டால், 21 வயது ஆகாததால் சட்டப்படி எனக்குத் தரக் கூடாது. அதுதான் உறுத்துகிறது.

2024 நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தேன். நாட்டை ஐந்தாண்டு யார் ஆள்வது என்று தீர்மானிக்கத் தெரிந்தவனுக்கு, மாலையில் ஒரு பீர் குடிப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கத் தெரியாதா? 18 வயதில் கார் ஓட்டலாம், கடன் பத்திரத்தில் கையெழுத்திடலாம், கொலை செய்தால் தூக்கிலும் போடலாம். என் அக்காவுக்கு 18 முடிந்த மறுமாதமே திருமணம் செய்து வைத்தார்கள். சட்டம் வாயைத் திறக்கவில்லை. புதுச்சேரியில் 18, கோவாவில் 18. ஜெர்மனியில் 16 வயதிலேயே பீர் வாங்கலாம். அமெரிக்காவில் நம்மைப் போல 21. அங்கும் கல்லூரித் தலைவர்களே அதை மறுபரிசீலனை செய்யச் சொல்லிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

நம் ஊரில்தான் ராஜாஜி முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். என்ன ஆயிற்று? தடை போட்டால் கள்ளச்சாராயம்தான் வரும் என்பதைக் கள்ளக்குறிச்சியில் பார்த்துவிட்டோம். என் நண்பர்களில் குடிக்காதவர்களை எண்ணிவிடலாம். அத்தனை பேரும் 21-க்குக் கீழ். யாரும் மதிக்காத ஒரு எண்ணைச் சட்டத்தில் எதற்கு வைத்திருக்க வேண்டும்? குடிக்கிற நீங்களே ‘குடிக்காதே’ என்று உபதேசம் செய்யமாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்
(பெயர் வேண்டாம். அப்பாவும் வாசிக்கிறார்.)

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நான் ஏற்காட்டில்தான் இருந்தேன். அதே நண்பர், அதே தாழ்வாரம். கோப்பையில் காப்பி. அப்பாவிடம் சொல்லுங்கள்.

நண்பருக்கு அங்கே சிறிய காப்பித் தோட்டம். இது பழம் பறிக்கும் பருவம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது, நிழலில் காப்பிச் செடி, செடிக்கு அடியில் பாட்டில். வண்டியைச் சாலையோரம் நிறுத்திக் குடிப்பவர்கள் வேலிக்கு மேலாக வீசிவிட்டுப் போகிறார்கள். பழம் பறிக்க வரும் பெண்களின் காலைக் கிழிப்பது அட்டையோ முள்ளோ அல்ல, கண்ணாடிதான். அதனால் பறிப்பு தொடங்கும் முன் பாட்டில் பொறுக்குவது அங்கே ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. வாரத்துக்கு ஒரு சாக்கு நிறைகிறது.

மலைப்பகுதிக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தருகிறார்கள். உயர்நீதிமன்றம் சொல்லி 2022-ல் நீலகிரியில் தொடங்கிய ஏற்பாடு. யானையின் பாதத்தில் கண்ணாடி குத்துகிறது என்பதற்காக வந்த திட்டம் இங்கே காப்பி பறிக்கும் பெண்களின் பாதத்துக்கும் உதவுகிறது. மனிதப் பாதத்துக்காக மட்டும் கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்பது வேறு விஷயம்.

அன்று மதியம் சாக்கை ஜீப்பில் போட்டுக்கொண்டு நண்பரோடு நானும் போனேன். அவர் வரிசையில் நின்றார். நான் சாக்குக்குக் காவல். அப்போது ஒரு பையன் வந்தான். மீசை அரும்பியிருந்தது, கழுத்தில் தலைக்கவசத்தின் வார் பதிந்த தடம்.

“அண்ணா, ஒரு சின்ன உதவி.”

56 வயதுக்காரனை அண்ணா என்று கூப்பிடுகிறவன் வாயில் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். பணத்தை மடித்துக் கையில் வைத்திருந்தான். ஒரு பாட்டில் வாங்கித் தர வேண்டும், தனக்குத் தரமாட்டார்கள், மீதிச் சில்லறையை நானே வைத்துக்கொள்ளலாம். முடியாது என்றேன். கோபப்படவில்லை. “பரவாயில்லை அண்ணா” என்று சொல்லிவிட்டு எனக்கு இரண்டு பேர் தள்ளி நின்ற கட்டட மேஸ்திரியிடம் போனான். ஐந்து நிமிடத்தில் பாட்டில் அவன் பையில் இருந்தது. மேஸ்திரியின் சட்டைப் பையில் 30 ரூபாய்.

ஆக, அந்த எண் உங்கள் வயதுக்காரர்களைத் தடுப்பதில்லை, 30 ரூபாய் தரகை மட்டும் உண்டாக்குகிறது என்ற உங்கள் வாதத்துக்கு நான் கண்ணால் கண்ட சாட்சி. உங்கள் பக்கத்தில்தான் நிற்கிறேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள், சிறிது நேரத்துக்கு.

ஆனால் அந்தப் பையனோடு இன்னும் இருவர் வந்திருந்தார்கள். ஜீப்புக்குப் பின்னால் அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது. பாட்டில் வந்ததும் மூன்றாமவன், ஒல்லியாக, பெரிய கம்பளிச் சட்டைக்குள் பாதி மறைந்திருந்தவன், சொன்னான்: “எனக்கு வேண்டாம்டா. எனக்கு இன்னும் 21 ஆகவில்லை.” மற்ற இருவரும் சிரித்தார்கள். அவர்களுக்கு மட்டும் ஆகிவிட்டதா என்ன? அவனும் சேர்ந்து சிரித்தான். ஆனால் வாங்கிக்கொள்ளவில்லை. அவர்களும் மறுபடி கேட்கவில்லை.

அவனிடம் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் கணக்குகள்.

18 வயதில் எல்லாக் கதவும் திறந்துவிடுகிறது, இது ஒன்றுதான் பூட்டியிருக்கிறது என்கிறீர்கள். அப்படி இல்லை. உங்கள் அக்காவுக்கு 18-ல் திருமணம் நடந்தது; உங்களுக்கு 21 ஆகாமல் சட்டப்படி நடக்காது. ஊராட்சித் தேர்தலில் நிற்க 21, சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் 25, மாநிலங்களவைக்கு 30. வாக்களிக்கும் வயதுகூட வானத்திலிருந்து வந்ததல்ல. 1989 ஜனவரியில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் நடந்தபோது எனக்கு 19. வாக்கு இல்லை. அந்த மார்ச்சில் 61-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது, நவம்பரில் மக்களவைத் தேர்தலுக்குப் போய் விரலில் மை வைத்துக்கொண்டு வந்தேன். நடுவில் இருந்த பத்து மாதத்தில் எனக்கு அறிவு ஒன்றும் முளைத்துவிடவில்லை. எந்த விஷயத்தில் எவ்வளவு ஆபத்து என்று பார்த்துச் சமூகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வயதை வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அதனால் ‘வாக்கு உண்டு, ஆகவே கோப்பை உண்டு’ என்பது மேடையில் கைத்தட்டல் வாங்கும், தர்க்கமாகாது.

இதே தர்க்கத்தை அமெரிக்கா ஒருமுறை நம்பிப் பார்த்தது. வியட்நாமுக்கு 18 வயதில் ஆளனுப்புகிறீர்களே, வாக்கு மட்டும் 21-லா என்று கேட்டு 1971-ல் வாக்கு வயதைக் குறைத்தார்கள். அதே காற்றில் 1970-களின் முற்பாதியில் 29 மாநிலங்கள் மது வயதையும் 18, 19 என்று இறக்கின. பிறகு நடந்தது தத்துவ விவாதம் அல்ல, சாலை விபத்து. ஒரு மாநிலத்தில் 21, எல்லை தாண்டினால் 18 என்றிருந்த இடங்களில் பையன்கள் காரை எடுத்துக்கொண்டு போய்க் குடித்துவிட்டுத் திரும்பினார்கள். திரும்பும் வழியில் செத்தார்கள். அந்த எல்லைகளுக்கு ‘ரத்த எல்லை’ என்றே பெயர் வந்தது. குடித்தவன் ஓட்டிய வண்டிக்கு மகளைப் பறிகொடுத்த ஒரு தாய் 1980-ல் தொடங்கிய இயக்கம் நாடெங்கும் பரவியது. மாநிலங்களின் விவகாரத்தில் மத்திய அரசு தலையிடக் கூடாது என்று ஊரெல்லாம் பேசிவந்த ரீகன்தான் 1984-ல் அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் 10 சதவீதம் வரை வெட்டு. 1988-க்குள் எல்லா மாநிலங்களும் வழிக்கு வந்துவிட்டன.

நீங்கள் சொல்லும் கல்லூரித் தலைவர்கள் 2008-ல் கையெழுத்திட்டார்கள், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். அவர்கள் சொன்னதிலும் உண்மை உண்டு: வெளியே குடிக்க முடியாதவன் விடுதி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவசர அவசரமாகக் குடிக்கிறான். இருந்தும் வயது இறங்கவில்லை. நம் கடலூர், விழுப்புரம் பையன்களுக்குப் புதுச்சேரி எல்லை இருக்கிறது என்பதை மட்டும் நினைவூட்டிவிட்டு நகர்கிறேன்.

ஜெர்மனியைச் சொன்னீர்கள். எனக்கு அங்கே உறவினர் உண்டு, போயிருக்கிறேன். 16 வயதுப் பையன் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, முன்னால் ஒரு தட்டு உணவை வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் ஒரே கோப்பையைப் பிடித்திருப்பதைப் பார்த்தேன். நம் ஊரில் குடிப்பது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். 180 மில்லி குவாட்டர், ஒரு பிளாஸ்டிக் டம்ளர், ஒரு தண்ணீர் பாக்கெட், நகத்தளவு ஊறுகாய். நின்றபடியே மூன்று மடக்கு. முகம் கோணும், தலை சிலிர்க்கும், முடிந்தது. ருசி என்ற சொல்லுக்கே அங்கே வேலை இல்லை. அந்தக் குவாட்டரில் ஆல்கஹால் 42.8 சதவீதம். கணக்குப் போட்டுப் பாருங்கள், நீங்கள் பொறியியல்தானே? 5 சதவீத ஜெர்மன் பீர் அரை லிட்டர் கோப்பையில் மூன்று குடித்தால் எவ்வளவு உள்ளே போகுமோ அவ்வளவு ஒரு குவாட்டரில் இருக்கிறது. நாம் அதை ஐந்து நிமிடத்தில் முடிக்கிறோம். ‘ஒரு பீர்’ என்கிறீர்களே, நம் கடைகளில் ‘ஸ்ட்ராங்’ என்று போட்டிருக்கும் பீரே 8 சதவீதம் வரை போகிறது. ஜெர்மனியின் வயதை இறக்குமதி செய்யலாம். அந்த மேசையையும் அந்த அப்பாவையும் எந்தக் கப்பலில் கொண்டுவருவது?

இப்போது ராஜாஜி. இதில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் இது என் வீட்டுக் கதையும்கூட.

1937 அக்டோபர் 1. சென்னை மாகாணத்தின் பிரதமராகப் பொறுப்பேற்று மூன்று மாதம்கூட ஆகாத நிலையில் அவர் மதுவிலக்கைத் தொடங்கியது தன் சொந்த மாவட்டத்தில். அன்றைய சேலம் மாவட்டம் என்றால் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரியும் சேர்ந்தது. அவர் இங்கே வழக்கறிஞராக இருந்தவர், நகராட்சித் தலைவராக இருந்தவர், திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஆசிரமம் வைத்துக் கள்ளுக்கு எதிராக ஊர் ஊராகப் போனவர். அதற்கும் முன்னால் கள்ளுக்கடை மறியல் நாட்களில் பெரியார் தன் தென்னை மரங்கள் 500-க்கு மேல் வெட்டிச் சாய்த்ததாகச் சொல்வார்களே, அந்தத் தோப்பும் நம் தாதம்பட்டியில்தான். பின்னாளில் எதிரும் புதிருமாக நின்ற இரண்டு பேரும் ஒரே மாவட்டத்து மரத்தில் ஒரே பக்கமாகக் கோடரி வைத்திருக்கிறார்கள்.

அந்த ஆண்டுதான் என் பாட்டிக்குத் திருமணம். உங்கள் அம்மாபேட்டையில், தறி வீட்டில். தாத்தாவுக்கு நெசவுக் கூலி வந்தால் அது நேராக வீட்டுக்கு வராது, கள்ளுக்கடை வழியாக வரும். வந்துசேர்ந்ததைத்தான் கூலி என்று சொல்ல வேண்டும் என்பாள் பாட்டி. கல்யாணத்துக்கு முன்பே அவளை எச்சரித்திருந்தார்களாம். ஆனால் அவள் போய்ச் சேர்ந்த சில மாதத்திலேயே கடைகளை மூடிவிட்டார்கள். தன் வாழ்க்கையின் நல்ல ஆண்டுகள் எவை என்று கேட்டால் பாட்டி தயங்கமாட்டாள். “கூலி முழுசாக மடியில் விழுந்த வருஷங்கள்” என்பாள். முதல் பித்தளைக் குடம், முதல் தீபாவளிச் சேலை, பெரியப்பாவைப் பள்ளியில் சேர்த்தது எல்லாம் அந்தக் கணக்கில் வரும். அடுத்தடுத்த ஆண்டுகளில் சித்தூர், கடப்பை, வடாற்காடு என்று மதுவிலக்கு விரிந்தது. கஜானாவில் விழுந்த துண்டை அடைக்க 1939-ல் ராஜாஜி விற்பனை வரி கொண்டுவந்தார். பிறகு உலகப் போர், ஆட்சி மாற்றம். மதுவிலக்கை நிறுத்தி வைத்தார்கள். கடை திறந்த அன்று உங்கள் தாத்தாதான் முதல் ஆள் என்று சொல்லும்போது பாட்டி சிரிப்பாள். அது என்ன சிரிப்பு என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

தோற்றதா அது? தோற்றது என்று நீங்கள் ஒரு வரியில் சொல்கிறீர்கள். 1948-ல் மாகாணம் முழுவதும் மறுபடி வந்தது, 1971-ல் போனது. 92 வயதில் ராஜாஜி கொட்டும் மழையில் கருணாநிதி வீட்டுக்குப் போய் வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தார். 1974-ல் திரும்ப மூடினார்கள், 1981-ல் திறந்தார்கள், 2003-ல் சில்லறை விற்பனையையே அரசு எடுத்துக்கொண்டது. மதுவிலக்கின் இழப்பை ஈடுகட்ட வந்த விற்பனை வரி மட்டும் பெயரை மாற்றிக்கொண்டு அப்படியே இருக்கிறது. எங்கள் பாட்டிக்கு அது ஆறேழு ஆண்டு வெற்றி. மலையடிவாரங்களில் ஊறல் போட்டவனுக்கும் வெற்றிதான், அதையும் மறைக்கவில்லை. நான் மதுவிலக்குக்காரன் அல்ல. ஆனால் யாருடைய வீட்டுக் கணக்கில் தோற்றது என்று கேட்காமல் ‘தோற்றது’ என்று எழுதிவிடாதீர்கள்.

கள்ளக்குறிச்சியையும் இதோடு முடிச்சுப் போடாதீர்கள். 2024 ஜூனில் அங்கே 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பலரை நம் சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். அந்தப் பக்கம் போன எல்லோருக்கும் அந்த ஆம்புலன்ஸ் சத்தம் நினைவிருக்கும். மெத்தனால் குடித்துப் போனவர்களில் பெரும்பாலோர் கூலிக்காரர்கள். கடை அவர்களுக்கு வயதைக் காரணம் காட்டிக் கதவைச் சாத்தவில்லை. பாக்கெட் மலிவு, அதனால் வாங்கினார்கள். நாளைக்கே வயதை 18 ஆக்கினாலும் அதில் ஒரு உயிர்கூட மிஞ்சியிருக்காது.

மற்ற மாநிலங்களைப் பார்த்தால் ஒரு ஒழுங்கும் இல்லை. கேரளம் 2017-ல் 21-ஐ 23 ஆக உயர்த்தியது. ஹரியானா 2021-ல் 25-ஐ 21 ஆக இறக்கியது. சமூகப் பொருளாதாரச் சூழல் மாறிவிட்டது என்று காரணம் சொன்னார்கள். மாறியது சூழலா, வரவுசெலவுக் கணக்கா என்பது என் சந்தேகம். நம் மாநிலத்தில் சந்தேகத்துக்கும் இடமில்லை, விற்பவரே அரசு. 2023-24-ல் மட்டும் மதுவின் மூலம் வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அமெரிக்கப் பையன் அரசிடம் ‘தனியார் கடையில் வாங்க என்னை அனுமதி’ என்று கேட்கிறான். நீங்கள் கடைக்காரரிடமே ‘என்னை வாடிக்கையாளராகச் சேர்த்துக்கொள்ளுங்கள், இது என் உரிமை’ என்று கேட்கிறீர்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், தம்பி. இப்படி ஒரு உரிமைப் போராட்டம் தனக்கு எதிராக நடக்க வேண்டும் என்று எந்தக் கடைக்காரர்தான் வேண்டிக்கொள்ளமாட்டார்?

மருத்துவக் காரணம் உங்களுக்குத் தெரியும். முன்யோசனைக்குப் பொறுப்பான மூளைப்பகுதி முதிர 25 வயதுவரை ஆகிறது, பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. அதை நான் விரிக்கப்போவதில்லை. அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்துகொண்டு அதை விரித்தால் உங்கள் அப்பாவே சிரிப்பார்.

எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு. நான் முதன்முதலில் வாக்களித்த அந்த 1989 கார்த்திகையில், இரண்டு வண்டிகளில் நான்கு பேர் ஏற்காடு போனோம். நான்காமவன் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். கறுப்பு வேட்டி, வெறுங்கால், அந்தக் குளிரில் பின்னிருக்கையில் பல் தந்தியடிக்க உட்கார்ந்து வந்தான். மேலே போனதும் பாட்டில் திறக்கப்பட்டது. எனக்குக் குடிக்க விருப்பமில்லை, பயம். ஆனால் விருப்பமில்லை என்பது அந்த வயதில் ஒரு காரணமே அல்ல. “என்னடா, அம்மா திட்டுவாளா?” என்று ஒரே ஒரு கேள்வி வந்தது. குடித்தேன். மாலை போட்டவனை யாரும் கேட்கவில்லை. “சாமி, நீங்கள் பஜ்ஜி சாப்பிடுங்கள்” என்று மிளகாய் பஜ்ஜிப் பொட்டலத்தை அவன் பக்கம் நகர்த்தினார்கள். எங்களில் பெரிய முரடனாக இருந்தவன்கூடக் கோப்பையை அவனுக்கு எதிர்த்திசையில் திருப்பிப் பிடித்துக்கொண்டான்.

இறங்கும்போது எங்கள் வண்டியைச் சாமி ஓட்டினான். மற்ற வண்டி எங்களுக்கு முன்னால் போனது. 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிதான் இறங்கியிருப்போம். திரும்பியபோது சாலையில் வண்டி மட்டும் படுத்திருந்தது, சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. இருவரும் பிழைத்தார்கள். ஒருவனுக்கு முழங்கால் நொறுங்கியது. இன்றும் செவ்வாய்ப்பேட்டையில் அவன் காலை இழுத்து இழுத்து நடந்து வருவதைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொள்வேன்.

பல ஆண்டு கழித்துச் சாமியிடம் பேசிக்கொண்டிருந்தபோது சொன்னான். அவன் அப்பா குடித்தே போனவர். கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து எங்கள் கூட்டத்தில் அவனுக்குத் தினமும் அதுதான் பயமாம். ஐயப்பன் மேல் பக்தி உண்டு, பொய்யில்லை. ஆனால் அந்த நான்கு ஆண்டும் தவறாமல் மாலை போட்டதற்குப் பாதிக் காரணம் நாங்கள். “மாலை கழுத்தில் இருந்தால் நான் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை” என்றான். மாலை இல்லாத மாதங்களில் வயிற்றுவலி, மஞ்சள்காமாலை என்று ஏதேதோ சொல்லிச் சமாளித்தானாம். அவன் வயிற்றைப் பற்றி நாங்கள் செய்த கேலி எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

குடிக்க விரும்புகிறவனுக்குச் சட்டத்தின் எண் ஒரு தடையே அல்ல என்ற உங்கள் வாதம் சரி. 30 ரூபாயில் தீர்கிற தடை. ஆனால் நீங்கள் கணக்கிலேயே சேர்க்காத ஒருவன் இருக்கிறான். விரும்பாதவன். அல்லது விரும்புகிறோமா என்று இன்னும் தெரியாதவன். அவனிடம் தைரியத்தை எதிர்பார்க்காதீர்கள், அது அந்த வயதில் வேறு எல்லாவற்றுக்கும் இருக்கும், நண்பனிடம் ‘வேண்டாம்’ என்று சொல்ல மட்டும் இருக்காது. அவனுக்குத் தேவை ஒரு சாக்கு. கூட்டம் சிரித்துவிட்டு ஒத்துக்கொள்கிற மாதிரி, யாரையும் குறை சொல்லாத மாதிரி ஒரு சாக்கு. ஊரில் எல்லோரும் மாலை போட முடியாது, அதுவும் வருடம் முழுக்க. ‘எனக்கு இன்னும் 21 ஆகவில்லை’ என்பது எந்த மதத்துக்காரனும், பெண்ணும் ஆணும் போட்டுக்கொள்ளக்கூடிய மாலை. உங்கள் நண்பர்களில் குடிக்காதவர்களை எண்ணிவிடலாம் என்கிறீர்களே, அவர்களிடம் போய்க் கேளுங்கள், அவர்கள் என்ன சொல்லித் தப்பிக்கிறார்கள் என்று.

25 ஆக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். பஞ்சாபிலும், மகாராஷ்டிரத்தில் பீர் போன்றவை தவிர மற்ற மதுவுக்கும் அப்படித்தான். அதையும் நான் ஏற்கமாட்டேன். வேலைக்குப் போய், கல்யாணமாகி, கையில் குழந்தையோடு நிற்பவன் ‘எனக்கு வயதாகவில்லை’ என்று சொன்னால் கூட்டம் நம்பாது. சாக்கு நம்பும்படி இருக்க வேண்டும். அந்த எண்ணை மீறிய பையனைப் போலீஸ் பிடித்துக் காதைத் திருகுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. திருக வேண்டிய காது இருந்தால் அது 30 ரூபாய் வாங்கியவருடையது.

நான் குடிப்பவன், உபதேசிக்கமாட்டேன் என்று நம்பி எழுதினீர்கள். உபதேசிக்கவில்லை. எண்ணைத் தொட வேண்டாம் என்று மட்டும் சொல்கிறேன்.

அன்றைய கதையில் மீதி கொஞ்சம் இருக்கிறது. எங்கள் முறை வருவதற்குள் அந்தப் பையன்களின் பாட்டில் காலியாகிவிட்டது. கம்பளிச் சட்டைக்காரன்தான் அதைக் கொண்டுவந்து வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றான். உள்ளே இருந்தவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒட்டியிருந்த ஸ்டிக்கர் கிழியாமல் இருக்கிறதா என்று. இருந்தது. 10 ரூபாய் நாணயம் கம்பிக்கு வெளியே வந்தது. அதை வைத்துக்கொண்டு எதிர்க் கடையில் தேநீர் கேட்டான், போதவில்லை, சட்டைப் பையைத் துழாவினான். மற்ற இருவரும் வண்டியில் சாய்ந்து உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரே வண்டி, மூன்று பேர்.

“நீ ஓட்டுவாயா?” என்று கேட்டேன்.

“ஆமாம் சார். இவர்களில் ஒருவனை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன்.” என்னை அவன் அண்ணா என்று கூப்பிடவில்லை.

இரண்டாம் கியரிலேயே இறங்கு, பிரேக்கை மட்டும் நம்பாதே என்றேன். தலையாட்டினான். சாவி வளையத்தை விரலில் மாட்டிக்கொண்டு தேநீரை ஊதிக்கொண்டிருந்தான்.

அன்புடன்.